சிகரெட்டை விட்டவர்கள் ஏன் திரும்பப் பிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வாரம், ஆறு மாதம், சிலர் இரண்டு வருடம்கூடத் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் மறுபடி பெட்டிக்கடையில் நின்று தீப்பெட்டி கேட்கிறார்கள். ஏன் இப்படி ஆகிறது என்று அவர்களும் கேட்கிறார்கள், வீட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சிகரெட் என்று சொல்லும் இடமெல்லாம் பீடியையும் சேர்த்துத்தான்.

விட்டபின் எந்தக் கட்டத்தில் அதிகம் பேர் திரும்பப் பிடிக்கிறார்கள்?

முதல் வாரத்தில். மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தானாக விடுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாட்களுக்குள் திரும்பிவிடுகிறார்கள் என்று 2004ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அப்படி விட்டவர்களில் 6 மாதம், ஒரு வருடம் என்று தாக்குப்பிடிப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான்.

இழுத்த புகையிலிருந்து 10, 20 விநாடிக்குள் நிக்கோடின் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் அடுத்ததை உடம்பு இவ்வளவு சீக்கிரம் கேட்கிறது. நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், தூக்கக் கேடு, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்; 2 முதல் 4 வாரத்தில் தணியும். பசி மட்டும் கொஞ்ச நாள் கூடுதலாக இருக்கும். இந்த முதல் வாரத்தைப் பண்டிகை, கல்யாணம், ஆடிட்டிங், தேர்தல் வேலை என்று எதிலும் கொண்டுபோய் மாட்டாமல் இருப்பதே பாதி வேலை.

மன உறுதி இல்லாததுதான் காரணமா?

அப்படிச் சொல்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளும் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய அன்றே கை போகிறதே, எப்படி?

இதை நம்மூரில் ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுகிறவர், மாலை போட்ட மறுநிமிடம் நிறுத்துகிறார். கஷ்டப்படுகிறார், ஆனால் நிறுத்துகிறார். 41 நாள் கழித்து அவர் உடம்பில் நிக்கோடின் துளியும் இல்லை. உடம்பின் தவிப்பும் எப்போதோ அடங்கிவிட்டது. பிறகும் மலையிலிருந்து வேன் இறங்கி, கோயிலில் மாலையைக் கழற்றி, குளித்து, பேன்ட் சட்டை மாட்டியதும் நேரே கடைக்குப் போகிறார். மன உறுதி என்பது நேற்று இருந்து இன்று காணாமல் போகிற சமாச்சாரமா என்ன?

விரத நாட்களில் அவரைச் சுற்றி என்னென்ன மாறியிருந்தது என்று பாருங்கள். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் எல்லோரும் "சாமி" என்கிறார்கள். யாரும் சிகரெட் நீட்டுவதில்லை, நீட்டினால் பாவம். பார் பக்கம் போவதில்லை. விடியற்காலை எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பதால் காலை நேரத்தின் வரிசையே வேறு. மாலையில் நண்பர்கள் கூட்டத்துக்குப் பதில் பஜனை. தவிப்பு வந்தால் தன்னைப் போலவே விட்டிருக்கும் நாலு பேர் பக்கத்தில் இருக்கிறார்கள், அதட்டக் குருசாமி இருக்கிறார். மாலையோடு சேர்ந்து இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. பழைய டீக்கடை, பழைய சிநேகிதர்கள், பழைய நேரம் எல்லாம் அப்படியே திரும்பி வருகின்றன. போதாக்குறைக்கு முடிவுத் தேதி முதல் நாளிலிருந்தே மனதில் இருந்தது. அவர் விட்டது சிகரெட்டை இல்லை. 41 நாளைக்கு ஒத்திப்போட்டார், அவ்வளவுதான்.

ஒரு மாதம் தாண்டியவர் திரும்பப் பிடித்தால் உடம்பைவிட இடம், நேரம், ஆள் ஆகிய மூன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த விரதத்தைச் சாக்காக வைத்து நிரந்தரமாக விட நினைப்பவர்கள், மாலை கழற்றுவதற்கு முன்பே அடுத்த இரண்டு வாரத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் டீயை எங்கே குடிப்பது, யாருடன் வெளியே போவதைத் தள்ளிப்போடுவது, சபரிமலைக்குக் கூட வந்தவர்களில் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். கடினமான பகுதியைத்தான் ஏற்கெனவே கடந்துவிட்டீர்களே.

ரமலான் நோன்பில் பகல் முழுக்க இருக்க முடிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடலாம், ஆனால் இரவில் நிறுத்தினால்தான். நோன்பு திறந்ததும் ஒன்று, சஹருக்கு முன் ஒன்று என்று போனால் நிக்கோடின் தினமும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். தவிப்பு தணியவே தணியாது, தினமும் முதல் நாள்தான். பகலில் பழகிய பொறுமையை இஃப்தாருக்குப் பிந்தைய அந்த ஒரு மணி நேரத்துக்கும் நீட்டிவிட்டால் மாதம் முடியும்போது பெரிய வேலை முடிந்திருக்கும்.

டீக்கடைக்குப் போனாலே கை தானாக நீள்கிறது. ஏன்?

வருடக்கணக்காக மூளை படித்த பாடம் அது. "ஒரு டீ, ஒரு கிங்ஸ்" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய். டீ கிளாஸ் கையில் சுடும்போது மற்றக் கை எதையோ தேடும். கடை ஓரத்தில் கயிற்று நுனி கனன்றுகொண்டு தொங்கும், பாய்லர் சத்தம், நின்றுகொண்டு பேசும் ஆட்கள், எல்லாமே "இப்போது இழுக்கும் நேரம்" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த வகைத் தவிப்பு வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே இறங்கிவிடும். அந்தச் சில நிமிடமும் ஒற்றை சிகரெட் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் சிக்கல். பாக்கெட்டாகத்தான் விற்பார்கள் என்றால் நூறு ரூபாய்க்கு மேல் எடுத்துக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிப்போம். சில்லறைக்கு ஒன்று கிடைக்கிறபோது யோசிக்க நேரமே இல்லை.

முதல் மாதம் கடையை மாற்றுங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்து குடிக்கும் ஹோட்டலுக்குப் போங்கள்; பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க அமலில் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் யாரும் பற்றவைக்க மாட்டார்கள். பார்சல் வாங்கி அலுவலகத்தில் குடிப்பதும் சரிதான். பணியிடத்தில் எல்லோரும் 'தம்' அடிக்க இறங்கும் நேரத்தில் நீங்கள் மட்டும் மேலே இருப்பது முதலில் ஏதோ ஒதுக்கி வைத்தமாதிரித் தோன்றும். அலுவலகக் கிசுகிசு பாதி அங்கேதான் நடக்கிறது என்பதும் உண்மை. மத்தியான சாப்பாட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

விட்டதிலிருந்து படபடப்பு, கைநடுக்கம், ராத்திரி தூக்கமில்லை. ஒரு தம் அடித்தால் சரியாகும்போல இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை காபி, டீ? இதைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன. காஃபினைச் சிதைப்பதும் அதே நொதிதான். புகைப்பவர் உடம்பில் காஃபின் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால் அவர் ஆறு டீ குடித்தாலும் தாங்கும். புகையை நிறுத்தியதும் நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே ஆறு டீயில் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை நிற்கும். அந்தப் படபடப்பை நிக்கோடின் தவிப்பு என்று நினைத்துக்கொண்டு மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. டீயைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம்.

இதே நொதி சில மருந்துகளையும் கையாள்கிறது. மூச்சிரைப்புக்குத் தரும் தியோஃபிலின், மனநல சிகிச்சையில் தரும் ஓலன்சபின், குளோசபின் ஆகியவை சாப்பிடுபவர்கள், சிகரெட்டை விட்ட விஷயத்தை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

குடித்தால் மட்டும்தான் தோன்றுகிறது. மற்ற நாள் பிரச்சினையே இல்லை.

அப்படியானால் உங்கள் ஆபத்து எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. மது இரண்டு வேலை செய்கிறது: தவிப்பைக் கூட்டுகிறது, "வேண்டாம்" என்று சொல்லும் பிடியைத் தளர்த்துகிறது. பக்கத்து மேசையில் புகை, எதிரில் இருப்பவர் பாக்கெட்டைத் திறந்தபடியே நீட்டுவார். திரும்பப் பிடித்தவர்களின் முதல் சிகரெட்டைப் பற்றிக் கேட்ட ஆய்வுகளில் மது திரும்பத் திரும்ப வருகிறது. குறைந்தது ஒரு மாதமாவது குடியையும் சேர்த்துத் தள்ளிவையுங்கள். "ரெண்டு ரவுண்டோடு நிறுத்திக்கொள்வேன்" என்ற கணக்கு எனக்கு நம்பிக்கையாகத் தெரியவில்லை.

டென்ஷன் வந்தால் என்ன செய்வது? சிகரெட் ஒன்றுதானே மனதை அடக்குகிறது?

அது அடக்குவது பெரும்பாலும் அது உண்டாக்கிய டென்ஷனைத்தான். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு நிக்கோடின் இறங்க இறங்க எரிச்சல் ஏறும். அடுத்ததைப் பற்றவைத்ததும் அது இறங்கும். மேலாளர் திட்டியதால் வந்த டென்ஷன் அங்கேயேதான் இருக்கும். 2014ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து புகைத்தவர்களைவிட விட்டவர்களுக்குத்தான் மனச்சோர்வும் பதற்றமும் அழுத்தமும் குறைந்திருந்தன.

ஆனால் இதைச் சண்டை நடந்த ராத்திரியில் சொல்லிப் பயனில்லை. கோபம், துக்கம், தனிமை மூன்றும் திரும்பப் பிடிக்க வைக்கும் பெரிய காரணங்கள். துக்க வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க விழிப்பு, சாப்பாடு இல்லை, பந்தலில் சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பல ஊர்களில் வெற்றிலைத் தட்டோடு பீடிக்கட்டும் சுற்றி வரும். மாமா ஒருவர் தோளில் கைபோட்டு, "எடுத்துக்கப்பா, மனசு கொஞ்சம் ஆறும்" என்பார். அன்புதான். அந்த நேரத்தில் மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும். முன்கூட்டியே ஒரு வாக்கியம் தயாராக இருந்தால் நல்லது: "நிறுத்திட்டேன் மாமா, டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டார்." டாக்டர் பெயரைச் சொன்னால் நம்மூரில் யாரும் இரண்டாவது முறை நீட்டுவதில்லை.

மனச்சோர்வு ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுதல். வாரக்கணக்கில் மனம் கனத்தே இருந்தால் அதற்கும் சேர்த்து சிகிச்சை எடுங்கள்.

காலையில் ஒரு தம் இல்லாமல் வயிறு கலங்குவதில்லை. என்ன செய்ய?

சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இதனாலேயே திரும்பப் பிடித்தவர்கள் ஏராளம். நிக்கோடின் குடலை அசைக்கும், அது நின்றதும் சில வாரம் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர், கொஞ்சம் நடை, ராத்திரி சாப்பாட்டில் கீரை, கொய்யா, வாழைப்பழம். அதற்கும் அசையாவிட்டால் மருந்துக்கடையில் இசப்கோல் வாங்கித் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். வாய்ப்புண், கூடுதல் இருமல்கூட முதல் வாரங்களில் வரும். விட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இருமல் வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ சளியில் ரத்தம் வந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

எடை கூடுமா?

கூடும். ஒரு வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. சிலருக்குக் கூடாமலும் போகலாம், சிலருக்கு 10 கிலோகூட ஏறலாம். முதல் மூன்று மாதத்தில் விட்டதையும் உடம்பைக் குறைப்பதையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் பஜ்ஜி, போண்டாவுக்குப் பதில் வெள்ளரி, வறுத்த கடலை, கிராம்பு, ஏலக்காய்.

யாருக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாகெர்ஸ்ட்ரோம் உருவாக்கிய அளவுகோலில் மிக முக்கியமான கேள்வி, "எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?" என்பது. 5 நிமிடத்துக்குள் என்றால் பிடிமானம் மிக அதிகம், 30 நிமிடத்துக்குள் என்றால் கவனம் தேவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் பழக்கமும் சூழலும்தான். பல் விளக்கும் முன்பே பற்றவைப்பவர் மருந்து இல்லாமல் விட முயல்வது வீண் சிரமம்.

வீட்டில் இன்னொருவர் புகைப்பது, ராத்திரி ஷிப்ட், நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது, அடிக்கடி மது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டும். முந்தைய முயற்சி எவ்வளவு நாள் நீடித்தது என்பதும் பார்க்க வேண்டியது. ஒரு மாதத்துக்கு மேல் இருந்தவருக்கு அடுத்த முறை கொஞ்சம் சாதகம்.

படிப்படியாகக் குறைத்தால் திரும்பாமல் இருக்குமா?

2016ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரை வைத்து நடந்த சோதனையில் ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும், இரண்டு வாரத்தில் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேரும் 4 வாரத்தைத் தாண்டினார்கள். 6 மாதத்தில் அது 22 சதவீதமும் 15.5 சதவீதமும். இரு பக்கமும் நிக்கோடின் மாற்று மருந்தும் ஆலோசனையும் தரப்பட்டன என்பதையும் சேர்த்துப் படியுங்கள். தேதி குறித்து ஒரேயடியாக நிறுத்துவதையே நான் சொல்வேன்.

எந்த மருந்து உதவும்?

நிக்கோடின் சூயிங்கம் 2 மி.கி. சீட்டில்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். "சாப்பிட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் அதை மிட்டாய் கம் மாதிரி மென்று விழுங்கியவர்கள். நாலைந்து முறை மெல்லுங்கள். காரமாகச் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவையுங்கள். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள். ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். நிக்கோடின் வாயின் தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காபி, ஜூஸ், குளிர்பானம் குடித்து 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு பத்துத் துண்டு தேவைப்படுபவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. தோலில் ஒட்டும் பட்டையும் கம்மும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வரெனிக்லின் மாத்திரை டாக்டர் சீட்டுக்குத்தான். நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து 12 வாரம் சாப்பிட வேண்டும். 12 வாரத்தில் விட்டிருப்பவர்களுக்கு இன்னும் 12 வாரம் நீட்டினால் திரும்புவது குறைகிறது. சாப்பாட்டுக்குப் பின் முழு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும். விசித்திரமான கனவுகள் வரலாம். மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் முன்பு இருந்தது. 2016ல் 8,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் அந்தப் பாதிப்பு குறிப்பிடும்படி கூடவில்லை. புப்ரோப்பியான் இன்னொரு வழி, வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. 2024ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலும் இவை இருக்கின்றன.

அதற்குப் பதில் ஹான்ஸ், கூல் லிப், இ-சிகரெட்?

முதல் இரண்டும் புகையிலைதான். நிக்கோடின் பிடிமானமும் வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் அப்படியே. இ-சிகரெட் விற்பது 2019 முதல் இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

ஒரே ஒன்றுதான் பிடித்தேன். எல்லாம் போச்சா?

போகவில்லை, ஆனால் அடுத்த 24 மணி நேரம் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் பிரித்துக் காட்டினார்: ஒரு முறை வழுக்குவது வேறு, பழையபடி ஆகிவிடுவது வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளுவது பெரும்பாலும், "நான் உருப்பட மாட்டேன், இனி என்ன இருக்கிறது" என்ற எண்ணம். ஒன்றைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் முழுதாகத் திரும்பிவிடுகிறார்கள் என்பதும் உண்மை, அதனால் "எப்போதாவது ஒன்று" என்ற சலுகையை நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நடந்துவிட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏறாமல் மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு. அடுத்த வாரம் அந்த இடத்தில் நீங்கள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சட்டைப் பையை மோந்து பார்ப்பதை நிறுத்தலாம். "போன தடவை மாதிரித்தானே" என்ற வாக்கியத்தையும். முதல் இரண்டு வாரம் அவர் சிடுசிடுப்பார், அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. பிடித்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னால் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த முறை ஹால்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் அப்பாவோ அண்ணனோ புகைப்பவராக இருந்தால், நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்ட முடியாவிட்டாலும் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

இரண்டு வருடம் கழித்துக்கூடத் திரும்புமா?

திரும்பும், ஆனால் அரிதாகிக்கொண்டே போகும். இந்தக் கட்டத்தில் தவிப்பைவிடத் தைரியம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. "இப்போது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது, பழைய கல்லூரி நண்பனோடு ஒன்று மட்டும்" என்று தொடங்கும்.

மூன்று முறை விட்டு மூன்று முறையும் திரும்பிவிட்டேன். நாலு நாளாக மறுபடி பிடிக்கிறேன். இன்றைக்கு என்ன செய்வது?

மூன்று முறை என்பது குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஓர் ஆய்வு, நிலையாக விடுவதற்கு முன் ஒருவர் 30 முறை வரை முயன்றிருக்கலாம் என்று 2016ல் கணக்கிட்டது. 2004ல் வந்த பிரிட்டிஷ் டாக்டர்கள் ஆய்வின்படி 40 வயதில் விடுபவருக்கு ஏறக்குறைய 9 வருட ஆயுள் மிச்சம், 60ல் விட்டாலும் 3 வருடம். எத்தனையாவது முயற்சி என்று அதில் யாரும் கேட்கவில்லை.

இன்று பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் பேசுவார்கள். அடுத்த 7 நாட்களுக்குள் ஒரு தேதி குறியுங்கள். சென்ற மூன்று முறையும் எங்கே சறுக்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை மீட்பு ஆலோசகரையோ உங்கள் டாக்டரையோ பாருங்கள். "விடணும் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அறிவுரைதான் கிடைக்கும். "எழுந்து பத்து நிமிடத்தில் பிடிப்பேன், போன முறை 12ஆம் நாள் பாரில் சறுக்கினேன், கம் தப்பாக மென்றிருக்கிறேன்" என்று சொன்னால் மருந்து எழுதுவார்.